எட்டில் ஒரு பங்கு

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நீ கேட்டதற்கு முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். 80 ஓம் ஹெட்போனை வாங்கு. தனி ஆம்ப் இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று தெரிந்துகொண்டு வாங்கினால்தான் அடுத்த தடவை யாரிடமும் கேட்காமல் நீயே முடிவெடுப்பாய், அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும். ஒரு தாளும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொள்.

கடைக்காரர் உன்னிடம் "ஓம் கூடக் கூடத் தரம் கூடும்" என்று சொன்னாராம். அப்படி எதுவும் கிடையாது தாயி. நீ பார்த்து வைத்திருக்கிற பேயர்டைனமிக் டிடி 770 புரோ 32, 80, 250 ஓம் என்று மூன்று விதமாக வருகிறது. மூன்றுக்கும் நிறுவனம் தரும் சத்த அளவு ஒன்றேதான்: 1 மில்லிவாட் கொடுத்தால் 96 டெசிபல். வித்தியாசமெல்லாம் உள்ளே இருக்கிற காயிலில். கம்பியை மெல்லிசாக எடுத்து நிறையச் சுற்று சுற்றினால் ஓம் ஏறும், பருமனாக எடுத்துக் குறைவாகச் சுற்றினால் இறங்கும். பழைய ஸ்டூடியோக்களில் ஒரே ஆம்பிலிருந்து நாலைந்து பேருக்கு ஹெட்போன் கொடுப்பார்கள். எல்லாவற்றையும் பேரலலாகப் போட்டாலும் ஆம்புக்குப் பாரம் ஏறக்கூடாது என்பதற்காக அங்கே அதிக ஓம் பழக்கமானது. அக்காலத்து ஏகேஜி கே240 ஹெட்போன்கள் 600 ஓமில் வந்தன. இன்று அதே பெயரில் விற்கும் கே240 ஸ்டூடியோ 55 ஓம்தான். ஸ்டூடியோவில் இருந்ததெல்லாம் பெரிய ஓம் என்பதால், பெரிய ஓம்தான் ஸ்டூடியோ தரம் என்று ஒரு பேச்சு வந்து ஒட்டிக்கொண்டது.

ஓமில் சொல்லப்படும் இந்த இம்பீடன்ஸ் என்பது, அந்தக் காயில் ஏசி கரண்டுக்குக் காட்டும் மொத்தத் தடை. பெட்டியில் போட்டிருக்கும் எண் ஒரு பெயரளவுக்கான எண். உண்மையில் ஒவ்வொரு அலைவரிசைக்கும் அது மாறும். சென்ஹைசர் எச்டி 600-ஐ எடுத்துக்கொள். பெட்டியில் 300 ஓம். ஆனால் 100 ஹெர்ட்ஸ் பக்கம் அது 500 ஓமைத் தாண்டுகிறது. காயிலோடு ஒட்டிய சவ்வு தன் இயல்பான வேகத்தில் அதிரும் இடம் அது. இந்த ஏற்றத்தை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

இனி நம் ஊர் மைக் செட்டுக்கு வருகிறேன். உனக்கு இது கண்ணால் பார்த்த விஷயம். விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்கும் இருக்கன்குடி ஆடி வெள்ளிக்கும் ரோட்டோரம் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டே போவார்களே, அந்த ஆம்பின் பின்பக்கத்தைப் பார்த்திருக்கிறாயா? காமன், 4 ஓம், 8 ஓம், 16 ஓம், 70 வோல்ட், 100 வோல்ட் என்று வரிசையாகத் திருகுகள் இருக்கும். ஒற்றைக் குழாய் பக்கத்திலேயே இருந்தால் 16 ஓம் யூனிட்டை 16-லேயே மாட்டுவோம். கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குக் குழாய் போக வேண்டுமென்றால் 100 வோல்ட் லைனில்தான் இழுப்போம். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு மேட்சிங் டிரான்ஸ்பார்மர், அதில் இத்தனை வாட் என்று டேப். எல்லா டேப்பையும் கூட்டினால் ஆம்பின் வாட்டைத் தாண்டக்கூடாது. காரணம் எளிது. 100 வாட்டை 8 ஓமில் அனுப்பினால் மூன்றரை ஆம்பியர் ஓடும். அதையே 100 வோல்ட்டில் அனுப்பினால் 1 ஆம்பியர். நீளமான ஒயரின் தடை மொத்தம் 4 ஓம் என்றால், 8 ஓம் கணக்கில் வாட்டில் மூன்றில் ஒரு பங்கு ஒயரிலேயே சூடாகிப் போய்விடும். லைன் கணக்கில் நஷ்டம் சொற்பம்.

மைக் செட்டில் வளர்ந்தவர்கள் ஹெட்போனுக்கு வரும்போது இடறுவது இங்கேதான். "ஆம்பில் 16 போட்டிருந்தால் 16-ஐ மாட்டு" என்ற பழக்கத்தில், ஹெட்போன் 32 ஓம் என்றால் ஆம்பின் அவுட்புட்டும் 32 ஓம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். இல்லை. ஆம்பில் 16 என்று எழுதியிருப்பது "16 ஓம் பாரத்தை இங்கே மாட்டலாம்" என்ற அறிவிப்பு. ஆம்பின் சொந்த உள்தடை வேறு எண், அது எழுதப்பட்டிருக்காது. ஹெட்போனுக்கு நமக்கு முக்கியம் அந்த உள்தடைதான். அது எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

கணக்கைப் பார். ஆம்பின் உள்தடையும் ஹெட்போனும் வரிசையாக நிற்கின்றன. கிளம்புகிற வோல்ட்டேஜை இரண்டும் தங்கள் ஓமுக்குத் தக்கபடி பங்கு போட்டுக்கொள்ளும். உள்தடை 120 ஓம் என்று வை. 1996-இல் வந்த ஐஇசி 61938 தரவிதி பரிந்துரைத்த எண் இது, பழைய கருவிகள் பலவற்றில் இதை ஒட்டிய தடை உண்டு. அதில் எச்டி 600-ஐ மாட்டினால், நடு ஸ்தாயியில் ஹெட்போன் 300 ஓம், ஆகவே 420-இல் 300 பங்கு அதற்குக் கிடைக்கிறது. 71 சதவீதம். 100 ஹெர்ட்ஸில் ஹெட்போன் 500 ஓம், 620-இல் 500 பங்கு. 81 சதவீதம். இரண்டுக்கும் நடுவே 1 டெசிபல் வித்தியாசம். அதாவது பாட்டில் இல்லாத 1 டெசிபல் பேஸை அந்த ஆம்பே சேர்த்துவிட்டது.

ஒரு டெசிபல்தானே என்று விட்டுவிடாதே. நீ கலக்குவது நையாண்டி மேளம். தவிலின் தொப்பியும் உறுமியின் இழுவையும் 100 ஹெர்ட்ஸுக்கு மேலும் கீழுமாகத்தான் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு கிடக்கும். அந்த இடம் ஏற்கெனவே வீங்கித் தெரிந்தால் நீ ஈக்யூவில் அதைக் குறைப்பாய். உன் ஹெட்போனில் அழகாக இருக்கும். காரில் போட்டுக் கேட்டால் தொப்பி செத்துப் போயிருக்கும். கலவை கெட்டதற்கு உன் காதைக் குறை சொல்வாய், குற்றம் காதில் இல்லை. இன்னொன்றும் உண்டு. சவ்வு அடித்த பிறகு தானாக ஆடிக்கொண்டிருக்கும்போது காயிலில் ஒரு வோல்ட்டேஜ் பிறக்கிறது. ஆம்பின் உள்தடை குறைவாக இருந்தால் அந்தக் கரண்டு சுலபமாகத் திரும்ப ஓடி, சவ்வை நிறுத்திப் பிடிக்கும். உள்தடை கூடினால் பிடி தளரும். தவிலின் அடி முடிந்த பிறகும் 'ம்ம்' என்று ஒரு வால் நீளும்.

பாட்டுக் கேட்கிறவர்கள் நிறையப் பேர் இன்று காதுக்குள் வைக்கும் இயர்போனில்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு காதிலும் மூன்று நான்கு குட்டி டிரைவர் இருக்கிற வகையில் இந்தத் தொல்லை பல மடங்கு. ஒரு இடத்தில் 8 ஓமும் இன்னொரு இடத்தில் 40 ஓமும் காட்டும் இயர்போனை, உள்தடை வெறும் 10 ஓம் உள்ள ஆம்பில் மாட்டினால்கூட இரண்டு இடத்துக்கும் 5 டெசிபல் வித்தியாசம் வந்துவிடும். அது வேறு பாட்டாகவே ஆகிவிடும். பிளேனர் வகை ஹெட்போன்களில் ஓம் ஏறக்குறைய நேர்கோடாக இருப்பதால் சத்தம் மட்டும் குறையும், ஒலியின் நிறம் மாறாது.

ஆக விதி இது: ஆம்பின் உள்தடை, ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். ஏன் எட்டு? அந்த அளவுக்குள் இருந்தால், ஹெட்போனின் ஓம் மேலே எவ்வளவு உயர்ந்தாலும் ஏற்படும் மாற்றம் 1 டெசிபல் அளவிலேயே நின்றுவிடும். 80 ஓம் ஹெட்போனுக்கு 10 ஓம் ஆம்ப் சரி. 32 ஓமுக்கு 4. 16 ஓம் இயர்போனுக்கு 2. ஹெட்போனின் ஓம் குறையக் குறைய ஆம்பின் மீது நிபந்தனை இறுகுகிறது என்பதைப் பார். குறைந்த ஓம் என்றால் எதிலும் மாட்டலாம் என்று சொல்கிறவர்கள் சத்தத்தை மட்டும் யோசிக்கிறார்கள்.

உன் ஆடியோ இன்டர்ஃபேஸின் உள்தடை எவ்வளவு என்று கையேட்டில் தேடிப் பார். இல்லையென்றால் அளந்துவிடலாம். இதை நீ கண்டிப்பாகச் செய்து பார்க்க வேண்டும். ஒரு மல்டிமீட்டர் எடு. கடைகளில் மலிவாகக் கிடைக்கிற சின்ன மஞ்சள் மீட்டர் உதவாது, அதில் ஏசி 200 வோல்ட்டில்தான் ஆரம்பிக்கும். ஏசியில் 2 வோல்ட் ரேஞ்சு உள்ளது வேண்டும், அப்பாவின் டூல்ஸ் பெட்டியில் பார். பழைய இயர்போன் ஒயர் ஒன்றை வெட்டி உள்கம்பிகளைப் பிரி. பின்னின் நுனி இடது காது, நடு வளையம் வலது, அடிப்பாகம் பொது. அந்தக் கம்பியில் எனாமல் பூச்சு இருக்கும், தீக்குச்சியால் லேசாகக் காட்டிச் சுரண்டினால்தான் தொடர்பு கிடைக்கும். சிவகாசிப் பக்கத்தில் தீக்குச்சிக்கா பஞ்சம்? ஆனால் மாடியில் உட்கார்ந்து செய், பட்டாசுத் தாள் கிடக்கிற இடத்தில் செய்யாதே.

லேப்டாப்பிலிருந்து 100 ஹெர்ட்ஸ் சைன் டோனை ஓடவிடு. மலிவு மீட்டர்கள் ஏசியைச் சரியாகக் காட்டுவது தாழ்ந்த அலைவரிசையில்தான், அதனால் 1000 வேண்டாம். நுனிக்கும் அடிக்கும் நடுவே மீட்டரை வைத்து, நாபைத் திருகி 0.50 வோல்ட் வரை கொண்டு வா. நாபைத் தொடாமல் அதே இரண்டு முனைக்கும் குறுக்கே 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்துப் பிடி. வோல்ட்டேஜ் இறங்கும். 0.38 என்று காட்டுவதாக வை. இறங்கியது 0.12. அதை 0.38-ஆல் வகுத்து 33-ஆல் பெருக்கு. 10.4 ஓம். உன் இன்டர்ஃபேஸின் உள்தடை அது. எட்டால் பெருக்கினால் 83. 80 ஓம் ஹெட்போனுக்கு மயிரிழையில் தப்பு, பரவாயில்லை, மாட்டலாம். 32 ஓம் மாட்டாதே. 0.49 என்று காட்டினால் உள்தடை 1 ஓமுக்கும் கீழே, எதை வேண்டுமானாலும் மாட்டு.

இரண்டாவது கேள்வி, சத்தம் போதுமா என்பது. இங்கேதான் தனி ஆம்ப் வியாபாரம் நடக்கிறது. உச்சத்தில் 110 டெசிபல் வேண்டும் என்று கேட்டால், 96 டெசிபல் ஹெட்போனுக்கு 25 மில்லிவாட் தேவை. 250 ஓமில் அதற்கு 2.5 வோல்ட், 10 மில்லி ஆம்பியர். 80 ஓமில் 1.4 வோல்ட், 18 மில்லி ஆம்பியர். 32 ஓமில் 0.9 வோல்ட், 28 மில்லி ஆம்பியர். வாட் ஒன்றுதான். அதிக ஓம் வோல்ட்டேஜைக் கேட்கிறது, குறைந்த ஓம் கரண்டைக் கேட்கிறது. லேப்டாப், போன் மாதிரி சின்னக் கருவிகள் பலவற்றால் 2.5 வோல்ட் தர முடியாது, அதனால்தான் 250 ஓமை அவற்றில் மாட்டினால் சத்தம் பத்தாமல் போகிறது.

ஆனால் 110 டெசிபலை எதற்குக் கேட்கிறாய்? மிக்சிங் வேலை சராசரி 80 டெசிபலில் நடக்க வேண்டியது. தட்டு அடிக்கிற உச்சத்துக்கு அதற்கு மேல் 20 டெசிபல் இடம் விட்டாலும் 100தான். 80 ஓம் ஹெட்போனுக்கு அது அரை வோல்ட்டுக்கும் குறைவு, 250 ஓமுக்கே 0.8 வோல்ட். உன் இன்டர்ஃபேஸ் தாராளமாகக் கொடுக்கும். தனி ஆம்பால் உனக்குக் கிடைக்கக்கூடியது, தேவைக்கு மேல் கூட்டிவைக்கும் வசதி ஒன்றுதான். அளந்து பார்த்து உள்தடை 40, 50 என்று வந்தால் அப்போது ஆம்ப் வாங்கிக்கொள்ளலாம். அது சத்தத்துக்காக இல்லை, உள்தடைக்காக.

அதே மீட்டரை வைத்து இன்னொரு வேலையும் செய். மைனஸ் 20 டெசிபலில் டோனை ஓடவிட்டு, ஹெட்போனையும் மாட்டி வைத்தபடி அதன் முனையில் 45 மில்லிவோல்ட் வரும்வரை நாபைத் திருகு. 80 ஓம் ஹெட்போனில் அது 80 டெசிபல். அந்த இடத்தில் நாப் மேல் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போடு. வேலை அந்தக் கோட்டில்தான் நடக்க வேண்டும். காது ஒரு விசித்திரமான கருவி: சத்தம் ஏறினால் பேஸ் கூடுதலாகவும், இறங்கினால் பேஸ் குறைவாகவும் கேட்கும். ஃபிளெச்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வரைந்து காட்டிவிட்டார்கள். நாப் இங்கும் அங்கும் ஓடினால் நீ ராத்திரி வைத்த தொப்பி காலையில் வேறாகத் தெரியும். வெளிவந்த சினிமாப் பாட்டை ஒப்பிட்டுக் கேட்கும்போது அதன் ஃபேடரைக் குறைத்து உன் பாட்டின் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுக் கேள். சத்தமாக இருப்பது எதுவும் நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும்.

ஏன் பின்பக்கம் திறந்த ஓப்பன் பேக் வேண்டாம், டிடி 770 மாதிரி மூடிய வகையே போதும் என்கிறேன் என்றால் உன் அறை இருக்கும் இடத்தால். பக்கத்துச் சுவர் அச்சாபீஸ். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் போட்டதிலிருந்து மார்கழி வரைக்கும் ஆஃப்செட் மெஷின் நிற்காது. மூடிய ஹெட்போன் பேச்சுச் சத்தத்தையும் லாரி ஹாரனையும் நன்றாக மறைக்கும். மெஷினின் அடி அதிர்வு மட்டும் தரை வழியாக வந்து கேட்கத்தான் செய்யும், அதனால் பேஸை முடிவு செய்யும் வேலையை ஷிப்டு மாறுகிற நேரத்துக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ ஒதுக்கிவை. வீட்டறை என்று குறைவாக நினைக்காதே. ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டிப் போட்ட பஞ்சதன் ரெக்கார்ட் இன்னில்தான் 1992-இல் வந்த 'ரோஜா' பாடல்கள் உருவாயின. ரஹ்மானுக்கு எச். ஸ்ரீதர் என்ற ஒலிப்பொறியாளரின் காது துணை இருந்தது.

காது என்றதும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இதை நான் உன் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன். பட்டாசுக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை, வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல். 1999-இல் வந்த விதி அது. சரவெடிக்கு, கோத்திருக்கும் வெடிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அந்த எல்லை இன்னும் இறங்கும். 2018-இல் உச்ச நீதிமன்றம் சரவெடியையே நிறுத்தச் சொன்னது. எல்லைக்கு உட்பட்ட வெடியே என்றாலும், நாள் முழுக்கப் பட்டாசு ஆலைப் பக்கம் சாம்பிள் வெடி போட்டுப் பார்க்கிற சத்தத்தில் நின்றுவிட்டு வந்தால் சாயங்காலம் காது மந்தமாக இருக்கும். மேல் ஸ்தாயி மங்கும். அன்று மிக்ஸ் செய்தால் ஜால்ராவை 3 டெசிபல் கூட்டி வைத்திருப்பாய், மறுநாள் பல் கூசும். அதோடு ஹெட்போனிலும் கூட்டி வைத்தாயானால் காதுக்கு ஓய்வே கிடையாது. 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது தொழிலாளர்களுக்கு அமெரிக்க நியோஷ் நிறுவனம் வகுத்த எல்லை. 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 100-க்குக் கால் மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் பாட்டுக் கேட்பவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். நான் போடச் சொன்ன கோடு இதற்காகவும்தான். ஆலையில் சித்தப்பாவைப் பார்க்கப் போகும்போது நுரைப் பஞ்சு அடைப்பானைக் காதில் வைத்துக்கொண்டு போ. மேளம் பதிவு செய்யும்போதும் அதைக் கழற்றாதே, தவிலுக்கு முன்னால் மைக் நகர்த்துகிற நேரத்தில்தான் காது அதிகம் அடிபடுகிறது.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். பாடுகிறவளுக்கும் உனக்கும் சேர்த்து ஒரே ஜாக்கில் இரட்டைப் பின் போட்டு இரண்டு ஹெட்போன் மாட்டாதே. அப்படி மாட்டித்தான் ஆக வேண்டுமென்றால் இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும். 250 ஓமும் 32 ஓமும் சேர்ந்தால் ஒருத்திக்கு அலறும், ஒருத்திக்குக் கேட்காது. அப்புறம், சத்தம் குறைக்க என்று ஒயரில் ரெசிஸ்டர் வைத்து விற்கும் அடாப்டரை வாங்காதே. அது உள்தடையோடு கூடி நாம் போட்ட எட்டில் ஒரு பங்குக் கணக்கை முழுசாகக் கெடுத்துவிடும். குறைக்க வேண்டுமென்றால் சாஃப்ட்வேரில் குறை.

ஹெட்போனுக்கு ஆர்டர் போடுவதற்கு முன்னால் 33 ஓம் ரெசிஸ்டரை வைத்து அளந்துவிடு. ரெசிஸ்டர் வைக்காமல் ஒன்று, வைத்து ஒன்று, இரண்டு எண்ணையும் எனக்கு அனுப்பு. இடது, வலது இரண்டு பக்கமும் அளந்து அனுப்பு, சில மலிவு கருவிகளில் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

அன்புடன்,
மாமா